ஆரணியின் புது அடுப்பு

இஞ்சேருங்கோ, என் அன்பானவரே,

உங்கள் மகள் ஆரணி வீடு வாங்கிவிட்டாள். லொங்குய் என்கிற ஊரில், மெட்ரோவிலிருந்து பத்து நிமிட நடை. சின்ன வீடுதான், ஆனால் சமைக்கிற குசினி பெரிது. நேற்றுப் புது வீட்டுக் குடிபூரல்.

காலையில் ஐயர் வந்தார். ஹோலில் ஒரு சின்னக் கரண்ட் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினார்கள். உங்கள் தங்கச்சிதான் முன்னுக்கு நின்று பால் வார்த்தா. நான் கதவடியில் நின்றேன். யாரும் என்னை ஒதுங்கச் சொல்லவில்லை. நீங்கள் போன இந்த இரண்டு வருடமும் நல்ல காரியங்களில் நானாகத்தான் ஒதுங்கி நிற்கிறேன். புருசன் இல்லாதவளின் கை பட்டுப் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம். அறிந்தால் ஏசுவீர்கள், தெரியும்.

பின்னேரம் ஆரணியின் வேலையிடத்துச் சிநேகிதர்கள் வருவதாக இருந்தது. "அம்மா, அந்தச் சீஸ் டிப்பை நீங்கள்தான் செய்யவேணும்" என்று கிழமை முழுக்க ஒரே ஆக்கினை. சுடச்சுடப் பாண் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுகிற சாமான் அது. நீங்கள் இருந்திருந்தால் அந்த மணத்துக்கே மூக்கைப் பொத்தியிருப்பீர்கள்.

கிறீம் சீஸைக் குழைத்து, முதல்நாளே அவித்துப் பிழிந்து கொண்டுபோன கீரையும் வதக்கின உள்ளிப் பூண்டும் போட்டு, நம்முடைய கறித்தூளிலும் அரைக் கரண்டி சேர்த்தேன். மேலே சீஸ் துருவலைத் தூவி ஓவனில் வைத்தேன். உங்கள் தங்கச்சி எட்டிப் பார்த்தா.

"மச்சாள், உதென்ன, வெள்ளைக்காரற்ற களியோ?"

"சிரியாதேங்கோ. சூட்டோட திண்டு பாருங்கோ, ஆறினா இறுகிப்போம்."

ஓரம் கொதிக்கத் தொடங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓவனுக்குள் இருந்த பிளாஸ்டிக் உறையை நான்தானே எடுத்து வெளியே போட்டேன்? அப்படியென்றால் அந்த அடுப்பை இதுவரை ஒருவரும் மூட்டவில்லை. பிள்ளையின் புது வீட்டு அடுப்பில் முதற்சூடு என் கையால். அணைக்கப் போனேன்.

ஆரணி வந்து கையைப் பிடித்தாள்.

"விடு பிள்ளை. புது அடுப்பு, நான் யோசியாமல் மூட்டிப்போட்டன்."

"நான் யோசிச்சுத்தானம்மா உங்களைச் செய்யச் சொன்னனான். வீட்டுத் திறப்பு கைக்கு வந்து மூண்டு கிழமை. இந்த அடுப்பை ஒருத்தரையும் தொட விடேல்லை. காலமை பாலை ஹோலில காய்ச்சச் சொன்னதும் நான்தான்."

உங்கள் தங்கச்சி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. பழைய ஆள், என்ன சொல்லப் போறாவோ என்று அவவின் முகத்தைப் பார்த்தேன். அவ கைபிடித் துணியை எடுத்து என்னிடம் நீட்டினா.

"ஆறினா இறுகிப்போமெண்டீங்கள். கொண்டு வாங்கோ மச்சாள்."

அழுதுவிட்டேன், மறைக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தட்டைக் கொண்டுபோய் எல்லோருக்கும் நடுவில் வைத்தேன். "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சுக்காரப் பிள்ளைகள் பாணால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். உங்கள் தங்கச்சியும் இரண்டு தரம் எடுத்தா. நெடுநாளைக்குப் பிறகு எனக்கும் நன்றாகப் பசித்தது.

வருகிற மாதம் மச்சாளின் மகனுக்குக் கலியாணப் பதிவு எழுத்து. ஒருவரும் கூப்பிடத் தேவையில்லை, நான் முன்னுக்குப் போய் நிற்பேன். ஆராத்தித் தட்டை நானே கேட்டு வாங்குவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

என்றும் உங்கள் மனுசி,
பவளம்