இரும்புப் பேருருவின் ஒரே வாக்கியம்

பிளம் மலர்கள் உதிரும் இந்நாளில், என் துணைவிக்கு,

தொண்டை அறுவை சிகிச்சையை ஒரு வாரம் தள்ளினேன் என்றதும், "ஏங்க, அந்த இரும்பு பூதத்துக்குக் குரல் குடுக்க டோக்கியோவுல வேற ஆளே இல்லையா?" என்று சீறிவிட்டு உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய்.

தொலைக்காட்சி அசைபடத் தொடரில் இருபத்துமூன்று வாரங்கள் அந்த இயந்திரப் பேருருவுக்கு உறுமல் மட்டுமே கொடுத்தேன். இறுதிப் பகுதியில்தான் அது வாய் திறந்து, தன்னை உள்ளிருந்து ஓட்டும் இளவரசியிடம் ஒரே வாக்கியத்தில் காதலைச் சொல்கிறது. படம் இன்னும் வரையப்படவில்லை. வெறும் கோட்டோவியத்தைப் பார்த்தே பேசவேண்டும்.

வெள்ளியன்று பேசுவேன். சனியன்று தொண்டையை மருத்துவரிடம் ஒப்படைப்பேன். வீடு திரும்பியபின் புத்தர்முன் காலைச் சூத்திரத்தை நீ ஓது, நான் மணியடிப்பேன்.

நாற்பது ஆண்டுகளில் அவ்வாக்கியத்தை உன்னிடம் நான் சொன்னதேயில்லை. ஒலிப்பதிவறைக் கண்ணாடிக்கு அப்பால் வந்து நில். உன்னைப் பார்த்தே சொல்வேன்.

இங்ஙனம்,
சனிக்கிழமைவரை குரலுடைய உன் கணவன்