கடல்பக்கத்துக் குழாய்

வாடை தொடங்கிவிட்டது. என் மேசையில் கிடக்கும் தும்புப் பந்து நேற்றிலிருந்து மறுபடியும் மணக்கிறது, வாவி ஓரம் ஊறப்போட்ட தேங்காய் மட்டையைப் போல. வெயில் காலத்தில் இது வெறும் குப்பை. மழை ஈரம் பட்டால்தான் இது உன் வீட்டுச் சுவரிலிருந்து வந்த பொருள் என்பது மூக்குக்குத் தெரிகிறது.

உன்னோடு பேச்சை நிறுத்தியவன் நான்தான் என்று உன் காத்தான்குடியில் இன்னும் சொல்கிறார்களாம். சொல்லட்டும். ஏன் நிறுத்தினான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரே வாங்கில் இருந்து படித்த நாளிலேயே நமக்குள் பிரமிட் வந்துவிட்டது. பள்ளி நூலகப் புத்தகத்தில் பெரிய பிரமிட்டைக் குறுக்கே வெட்டிய படம் இருந்தது. நடுவில் மன்னனின் அறை. அதிலிருந்து வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக, ஒரு சாண் அகலத் துளைகள் இரண்டு கல்லுக்குள் சரிந்து ஏறி வெளியே போயின. காற்றுக்கு என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தார்கள். நீ அதை நம்பினாய்.

"செத்தவனுக்கு எதுக்குடா காத்து?" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டினோம்.

மன்னனின் உயிர் நட்சத்திரங்களுக்கு ஏறிப்போகும் வழி அது என்பது என் கட்சி. "றூஹ் போறதுக்கு ஓட்டை வேணுமா மச்சான்? சுவர்ல முட்டிக்கிட்டா நிக்கும்?" என்று நீ சிரிப்பாய். காற்று செத்தவனுக்கல்ல, உள்ளே நின்று வேலை செய்தவர்களுக்கு என்பாய். அப்படியானால் கீழே ராணி அறையிலிருந்து போகும் துளைகளைப் பார் என்பேன். அவை அறைப் பக்கமும் கல்லால் மூடியிருந்தன, வெளியேயும் திறக்கவில்லை. அதற்கும் நீ அசையமாட்டாய். "அது முடிக்காம விட்ட வேலை. எங்கட ஊர்ல எத்தின வீடு மேல கம்பிய நீட்டிக்கிட்டு நிக்குது." தண்ணீர் இறைக்கும் பொறி என்றவர்களையும் மின்சார நிலையம் என்றவர்களையும் இருவரும் சேர்ந்து நக்கலடிப்போம். நாம் ஒத்துப்போனது அங்கே மட்டும்தான்.

வளைகுடாவிலிருந்து திரும்பும் வழியில் நீ எகிப்துக்குப் போய் அந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டு வந்தாய். எனக்கு அப்போது கடவுச்சீட்டுக்கூட இல்லை. படித்தவன் நான், பார்த்தவன் நீ. "ஓட்டைக்குள்ள ஃபேன் பூட்டியிருக்காங்க மச்சான். முடிஞ்சுது உன்ட நட்சத்திரம்" என்றாய். நான் விடவில்லை. "கோயில் மணியில நீ சட்டையக் கொழுவினா, அது சட்டை கொழுவச் செஞ்ச மணியாடா?" நீ சிரித்த சிரிப்பில் தேநீர் மடியில் கொட்டியது.

அந்தச் சூட்டோடு மேல்மாடி கட்டினாய். படுக்கையறையில் சரிவாக இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், ஒன்று வாவிப்பக்கம், ஒன்று கடல்பக்கம். பிரமிட்டில் போலவே இரண்டும் வெளியே போகப் போக மேலே ஏற வேண்டும் என்று நின்று கட்டுவித்தாய். மேல்காற்று வீசும் கச்சான் காலம் முழுவதும் வெற்றி உனக்கு. வாவிக் காற்று ஒரு குழாயால் நுழைந்து மற்றதால் போவதைக் குழாய் வாயில் நூலைப் பிடித்து எனக்குக் காட்டினாய். எகிப்தில் வாடை மழை இல்லை என்பதை நீ யோசிக்கவில்லை. ஐப்பசியில் மழை கடல்பக்கத்துக் குழாயால் வழிந்து நேரே மெத்தையில் இறங்கியது. நான் வந்தபோது நீ கட்டிலில் ஏறி நின்று இரண்டு குழாய்களுக்குள்ளும் தும்பு அடைத்துக்கொண்டிருந்தாய்.

"ராணியின்ட ஓட்டைய ஏன் அடைச்சாங்க எண்டு இப்ப விளங்குதா?" என்றேன். நனைந்த தலையணையால் எறிந்தாய்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டம். நகரத்து வாசகர் வட்டத்தில் பிரமிட்டைப் பற்றிப் பேசுவதற்கு என்னைத்தான் முதலில் கேட்டார்கள். பிறகு, நேரில் பார்த்தவர் என்று உன்னை மேடையேற்றினார்கள். படித்தவனைப் பார்த்தவன் முந்துவது எனக்குப் பழக்கமான கதைதான், அதற்காக உன்மேல் கோபமில்லை. எல்லாக் கட்சிகளையும் நேர்மையாகவே சொல்லிவந்தாய். என்னுடையதற்கு வந்ததும் குரலை மாற்றினாய்.

"என்ட கூட்டாளி ஒருத்தர், ஒரு சாண் ஓட்டையால ராசாவ வானத்துக்கு அனுப்பி வெச்சிருக்கார். இன்னும் போய்ச் சேந்த தகவல் இல்ல."

மண்டபமே சிரித்தது. முன் வரிசையில் நான். உன் வீட்டுக்குள் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் உன் குழாயைப் பற்றியோ மெத்தையைப் பற்றியோ நீ அன்று மூச்சுக்கூட விடவில்லையே! அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த பெருநாளைக்கு ஒரு ஏனம் நிறைய வட்டிலப்பம் என்ற இனிப்பு அனுப்பினாய். ஏனத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது உன் ஊருக்கும் தெரியும், என் செட்டிபாளையத்துக்கும் தெரியும். கழுவித் துடைத்து வெறுமையாகவே திருப்பினேன். உனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

நீ மௌத்தான செய்தி, உன்னை அடக்கிய பிறகு, பேருந்தில் யாரோ பேசிக்கொண்டதில் எனக்குக் கிடைத்தது. உன் வீட்டார் ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். அந்தக் கோபமும் இருக்கிறது.

நாலு மாதமும் பத்து நாளும் வெளியாரைப் பார்க்காமல் இருக்கும் இத்தா முடிந்த பிறகுதான் உன் மனைவியைப் பார்க்கப் போனேன். மகனோடு என்னை மேலே அனுப்பி, பின்னால் வந்து அறை வாசலில் நின்றபடி பேசினார். வாவிப்பக்கத்துக் குழாய் அடைத்தபடி இருந்தது. கடல்பக்கத்துக் குழாய் திறந்திருந்தது. கீழே ஜன்னல் விளிம்பில் இந்தத் தும்புப் பந்து.

"அண்ணன், கடைசிக் கிழமை அதத் திறக்கச் சொன்னாரு. நல்ல மழை. மூச்சுக்குக் காத்து வேணுமா எண்டு கேட்டன். காத்துக்கில்ல எண்டாரு. பின்ன என்னத்துக்கு எண்டா, சிரிக்காரு. 'அவன் ஒரு நாளைக்கு வருவான், அவன்ட்டக் கேளு' எண்டாரு."

பிறகு உண்மையாகவே கேட்டார்: "என்னத்துக்கண்ணன் அது?"

உன் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். குழாயின் மறு முனையில் ஒரு சாண் வானம் தெரிந்தது. நீ என் கட்சிக்கு வந்துவிட்டாயா, இல்லை கடைசியாக ஒருமுறை என்னைப் பகிடி பண்ணினாயா? இரண்டுக்கும் உன்னிடம் ஒரே சிரிப்புத்தான். சீமெந்து பூசி அடைத்துவிடவா என்று மகன் கேட்டான். வேண்டாம், மழைக்குக் கீழே ஒரு பேசின் வையுங்கள் என்று மட்டும் சொல்லி, தும்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

கூட்டத்தில் நீ சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ கேட்கச் சொன்ன கேள்விக்குப் பதிலும் என்னிடம் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை உன் மனைவி தொலைபேசி எடுத்தார். பேசின் நிரம்பிவிட்டதாம். கட்டிலை மற்றச் சுவரோடு தள்ளிப் போட்டிருக்கிறார்களாம். குழாயை அடைக்கவில்லையாம்.