கோதுமை வண்டும் இடது காதும்

மார்ச் 6, திங்கள்

காலையிலேயே வெயில். காற்று இல்லை. வண்டு.

எதிர்க் கிடங்கில் கப்பல் கோதுமை இறங்கிப் பத்து நாள் ஆகிறது. வெயில் ஏற ஏற மூட்டைக்குள் இருக்கப் பிடிக்காமல் பொடிவண்டுகள் எல்லாம் கிளம்பி, தெருவைத் தாண்டி, நேரே எங்கள் வீட்டுக்குள். எள் அளவுதான். கடிக்காது. கடித்தாலாவது கோபப்படலாம். இது சும்மா வந்து உட்கார்ந்துகொள்கிறது, உறவுக்காரர் மாதிரி.

இன்று கண்ட இடங்கள்: உப்பு ஜாடி. தலையணை உறை. பாலில் மூன்று. மாதா படத்தில் கண்ணாடிக்கும் மாதாவுக்கும் நடுவே ஒன்று. எப்படிப் போனதோ. என் கொண்டையில் ஒன்று, அதை லூர்து அக்கா எடுத்துப் போட்டாள்.

லூர்து அக்கா அடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் தும்மினால் நான் "ஆண்டவரே" சொல்லுவேன். அவள் வீட்டுக்காரர் மைக்கேல் அண்ணனும் என் வீட்டுக்காரர் சூசையும் ஒரே கப்பலில் வேலை. இவர் மேலே தளத்தில் மூட்டை தூக்கும் வின்ச் ஓட்டுகிறார். அண்ணன் கீழே, கப்பல் வயிற்றுக்குள், கோதுமையை மூட்டை பிடித்துக் கட்டி விடுகிறார். ஒரு கயிற்றுக் கட்டுக்குப் பன்னிரண்டு மூட்டை. அது அவர் தலைக்கு மேலேதான் போகும், வரும்.

என் வீட்டுக்காரர் மூன்று மணிக்கு வந்தார். தலை, புருவம் எல்லாம் மாவு. கஞ்சி குடித்துவிட்டுப் பாயில் படுத்தார். கண் அசந்திருக்கும். திடீரென்று எழுந்து ஒற்றைக் காலில் குதிக்கிறார்.

"காதுல பூந்துகிச்சு மே."

"எந்தக் காதுல?"

இடது காதைப் பிடித்துக்கொண்டு குதித்தார். உப்புத் தண்ணீர் விட்டேன். வரவில்லை. லூர்து அக்கா ஓடி வந்தாள். சுருட்டுப் புகை ஊதலாம் என்றாள். மைக்கேல் அண்ணன் வாசலில் நின்று, "வேணாம்மே. காதுல ஊதுனா வண்டு மூக்கால வரும். அப்பால மூக்குல ஊதணும்" என்றார். இவரே சிரித்துவிட்டார்.

என் சித்தப்பாவுக்கு இப்படித்தான் சடையங்குப்பத்தில் காதில் ஈ போய், மண்டைக்குள் பேண்டு வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று அழுதாராம். அதனால் கேட்டேன், பெரிய சத்தமா என்று. "ஊறுது" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 7, செவ்வாய்

வெயில். அவர் வேலைக்குப் போகவில்லை.

லூர்து அக்கா தேங்காய் எண்ணெயைச் சுட வைத்து, ஆற வைத்து, தன் கையில் விட்டுப் பார்த்து, பிறகு காதில் விட்டாள். சாக்கில் படுக்க வைத்தோம். நான் ஒரு ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் எண்ணெயோடு மிதந்து வெளியே வந்தது. உயிரோடு. காது மடலில் நின்று காலை உதறிக்கொண்டது.

நான் நசுக்கப் போனேன். "வுடு மே, அதுவும் பயந்துகினு இருந்திருக்கும்" என்றார். ஜன்னல் வழியாக விட்டார். அது கிடங்குக்கா போகும். திரும்ப இங்கேதான் வரும். சொன்னால் கேட்கிறவரா.

சொன்னால் கேட்கிறவரா என்று எழுதும்போதே ஞாபகம். எண்ணெயைத் துடைத்துக்கொண்டு இருந்தவரிடம், இடது பக்கம் இருந்து, டீ வேண்டுமா என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை. இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் பேசமாட்டார். நான் பேசினால் "உம்". சில நாள் அதுவும் கிடையாது. பழகிவிட்டது. ஆனால் இன்று லூர்து அக்கா, "வண்டு கால் உள்ள உடைஞ்சு அடைச்சினு கீது போல, செசிலி" என்றாள். தம்ளரை அவர் காதருகே தட்டினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மாலை அரிசிப் பானையைக் கவிழ்த்து மொத்தத்தையும் சலித்தேன். அரிசி என்று பெயர். ரேஷனில் பாதி கோதுமைதான். அதில் பாதி வண்டு.

மார்ச் 8, புதன்

புழுக்கம். வேப்பிலை பரப்பினேன். வண்டுகள் அதன் மேல் ஏறி நின்று காற்று வாங்குகின்றன.

அவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் மைக்கேல் அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினார். மற்ற சரக்கு என்றால் மேலே ஒருத்தன் நின்று கையால் சைகை காட்டுவானாம், வின்ச்காரர் கையைப் பார்த்தே ஓட்டலாம். கோதுமை என்றால் தூசி மேகம் மாதிரி எழும்பி, கை தெரியாது. கத்த வேண்டும். இறக்கு என்பதற்கு அரியா. நிறுத்து என்றால் பஸ்.

"ரெண்டு தபா பஸ்ஸு பஸ்ஸுன்னு கத்துனோம். மூணாவதுக்குத்தான் நின்னாரு உன் வூட்டுக்காரரு. மூட்டை இங்க வந்து நிக்குது" என்று சிரித்தார். எங்கே என்று கேட்டேன். சுவர் வழியாக எப்படிக் காட்டுவார். வாசலுக்கு வந்து தன் நெற்றிக்கு ஒரு சாண் மேலே கை வைத்துக் காட்டினார்.

"எண்ணெய் இன்னும் காதுல கீது. சரியாப்பூடும்."

நாளைக்கு டாக்டர்.

மார்ச் 9, வியாழன்

வெயில். அரசாங்க ஆஸ்பத்திரி. நடந்தே போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் காதில் பாசிமணி போட்டுக்கொண்ட ஒரு பெரிய மனுஷர். எதற்குப் போட்டீர் என்று டாக்டர் கேட்டதற்குத் தொலைந்துவிடக் கூடாது என்று போட்டேன் என்றார். நல்ல மனுஷன்.

டாக்டர் சின்ன வயசு. விளக்கு வைத்துப் பார்த்தார். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அந்தக் காதில், இந்தக் காதில். பிறகு என்னைப் பார்த்து:

"உள்ளே ஒண்ணும் இல்லம்மா. கால் கை எதுவும் இல்ல."

"அப்ப ஏன் சார் கேக்கல?"

"இந்தக் காது கேட்டுப் பல வருஷம் ஆயிருக்கும். வலது காது நல்லா இருக்கு. என்ன வேலை பார்க்கிறார்?"

வின்ச் என்றேன். மெஷின் எந்தப் பக்கம் என்று அவரைக் கேட்டார். அவர் பேசாமல் இடது கையைத் தூக்கினார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் புரிந்தது. இவருக்குத் தெரியும்.

பாதி வழியில் அவருக்கு வலது பக்கம் போய்க் கேட்டேன்.

"எத்தினி வருசமாய்யா?"

"ஏழு இருக்கும்."

"என்னாண்ட சொல்லக்கூடாதா?"

"உன்னாண்ட சொன்னா லூர்து வூட்டுக்கு வந்துடும். அங்கேர்ந்து கப்பலுக்கு வந்துடும். வின்ச்சுலேர்ந்து எறக்கிடுவாங்க மே. அத்த வுட்டா எனக்கு இன்னா தெரியும்?"

யாரிடமும் சொல்லாதே என்றார். தலையாட்டினேன்.

பாயில் அவர் சுவர்ப் பக்கம், நான் அவருக்கு இடது பக்கம். வலது காது தலையணையில் அமுங்கி இருக்கும். இந்த ஏழு வருடத்தில் அந்தக் காதில் நான் சொன்னவை: அம்மா சாகும்போது பேசியது. தங்கச்சி என்னை வேண்டாம் என்று எழுதிய கடிதம். பிள்ளை இல்லாததற்கு யாரும் காரணம் இல்லை என்று நான் முடிவு செய்தது. இரண்டு தடவை மன்னிப்பு. மாத்தூருக்குக் குடி போகலாமா என்று கேட்டது, அவர் ஒன்றும் சொல்லாததால் வேண்டாம் போல என்று நானே விட்டது. அம்மா விஷயத்தில் "உம்" கூடச் சொல்லவில்லை என்று ஒரு மாதம் அவருக்கு உப்பில்லாமல் சமைத்தேன். அதையும் வாய் திறக்காமல் சாப்பிட்டார்.

மார்ச் 10, வெள்ளி

மேகம். மழை இல்லை. தவக்காலத்து வெள்ளி, கோயிலில் சிலுவைப்பாதை. லூர்து அக்கா பக்கத்தில். முட்டி போட்டு எழும்போது என் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள், எப்போதும் அப்படித்தான்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"உள்ள ஒண்ணும் இல்லியாம்க்கா."

பொய் இல்லை. ஆனால் பொய்தான். இயேசு மூன்று தடவை விழுந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மூட்டைதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன்.

"மூணாவது தபாக்கு நிறுத்தினியாமே. மைக்கேல் அண்ணன் சொன்னாரு."

"தெரியும்."

"நாலாவதுக்குத்தான் கேட்டிருந்தா?"

இந்த முறை காதில் விழுந்தது. தட்டில் ஊர்ந்த வண்டை விரலால் ஓரம் தள்ளினார். ஓரம் தள்ளினார். அது திரும்பி வந்தது. சாப்பிடாமல் கை கழுவிவிட்டார்.

மார்ச் 11, சனி

வெயில் வருவதற்கு முன்பே போய்விட்டார். பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்து நிற்கிறார். முகத்தில் மாவு இல்லை.

"மேஸ்திரியாண்ட சொல்ட்டேன். வின்ச்சுக்கு வேற ஆளு. என்ன கெடங்குல போட்டுட்டாங்க. கிழிஞ்ச மூட்டை தைக்கணும். திங்கக்கெழமைலேர்ந்து."

உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டார். இருபத்தொரு வருடம் வின்ச் கம்பியைப் பிடித்த கை. ஊசி பிடிக்குமா.

மேஸ்திரிக்கு முன்னாலேயே கேட் அருகில் மைக்கேல் அண்ணனிடம் சொன்னாராம். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஏழு வருசமா என் தலைக்கு மேலயாடா நீ டபாய்ச்சினு இருந்தேன்னு கேட்டாரு. சட்டைய புடிச்சாரு. அப்பால அவரே பீடி குடுத்தாரு."

மத்தியானம் லூர்து அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை.

"நேத்து கோயில்லயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"என் கையப் புடிச்சுனுதான எழுந்த?"

போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட இல்லை.

விளக்கு வைக்கிற நேரம் திரும்ப வந்தாள். கண் வீங்கி இருந்தது. என்னைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துப் பேசினாள்.

"கெடங்குல பூரா வண்டாம். இருக்கற காதுலயும் பூந்துடப் போவுது. பஞ்சு வெச்சுக்கச் சொல்லு."

"பஞ்சு வெச்சா அதுவும் கேக்காதேக்கா."

"அப்ப துண்டு கட்டச் சொல்லு. இறுக்கி இல்ல." போனாள்.

மார்ச் 12, ஞாயிறு

இளவெயில். கடல் காற்று. இரண்டாம் பூசைக்குப் போனோம். தெரு முனையில் அவர் நின்றார். என் பின்னால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தார்.

"பேசு மே" என்றார்.

கோயில் வாசல் வரை எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவரும் அவசரப்படுத்தாமல் மெதுவாகவே நடந்தார்.