கடுகு வெடித்த ஞாயிறு

இன்று காலை காலிங் பெல்லைச் சரிபார்க்க வந்தவர் ஈயம் பற்றவைத்தார். அந்தப் புகை கூடமெல்லாம் பரவியது. எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து மனிதர் மிரண்டுபோனார். கோபம் அவர்மேல் இல்லை, உன்மேல். சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டாயே!

கல்கத்தா லேக் கார்டன்ஸில் உன் வீட்டில் ஞாயிறுதோறும் இதே புகைதான். பாலிகஞ்சிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன். ஸ்பீக்கர் பெட்டியை அறுப்பது நான், கிராஸ்ஓவர் உன் வேலை. கனத்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கூரிய ஒலியைச் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்தனுப்ப ஒரு காயில், ஒரு கெபாசிட்டர். ட்வீட்டரை அடக்கி வைக்க ஒரு ரெசிஸ்டர். நீ ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்பவன். காதுதான் உனக்குச் சோறு போட்டது. அதனால் காகிதத்தில் கணக்கு எப்படி வந்தாலும் கடைசித் தீர்ப்பு உன் காதுடையது.

உன் பரீட்சையே தனி. உன் மனைவி கோமதி கடுகு தாளிப்பதை டேப்பில் பிடித்து வைத்திருந்தாய். அதைப் போட்டதும், உள்ளறையில் இருக்கும் அவள் அடுப்படியில் யார் என்று பார்க்க எழுந்து வந்தால் ஸ்பீக்கர் பாஸ்.

அந்த ஞாயிறு டேப்பைப் போட்டாய். கடுகு என் காதைக் குத்தியது. நீயோ மந்தமாக இருக்கிறது என்று ரெசிஸ்டரைக் குறைத்தாய். மறுபடி போட்டபோது எனக்குப் பல் கூசியது. போதவில்லை என்று இன்னும் குறைத்தாய். மூன்றாம் முறை கோமதி காதைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். உன் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் ட்வீட்டர் மட்டம், கெபாசிட்டர் போலி, சாந்தினி மார்க்கெட் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அடுக்கிக்கொண்டே போனாய். எனக்குப் பொறுமை ஏது?

"ட்வீட்டர் நல்லாத்தான் இருக்கு. உன் காதுதான்டா போச்சு."

டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோமதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நீ சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு என்னைப் போகச் சொன்னாய்.

மறுநாள் ஸ்டுடியோவில் காது சரியில்லை என்று நீயாகவே சொல்லிவிட்டாய். டாக்டரும் அதையே சொன்னார். உன்னை டேப் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். என்னோடு பேச்சில்லை. துர்கா பூஜை முடிந்து, ஊரே கட்டித் தழுவி இனிப்பு கொடுக்கும் பிஜயா அன்றுதான் சந்தேஷ் பெட்டியோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாய்.

"நீ சொன்னது சரிதான்டா. இல்லேன்னா தப்பு சத்தத்தையே பதிவு பண்ணிட்டிருப்பேன். ஆனா அவ உள்ள போனப்புறம் சொல்லியிருக்கலாம். அன்னிக்கு ராத்திரி பூரா அழுதா."

நான் சந்தேஷை எடுத்துத் தின்றேன். வெட்கங்கெட்டவன்.

அதன்பின் எத்தனையோ வருஷம் ஒன்றாகச் சுற்றினோம். இன்றைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று மன்னிப்பைத் தள்ளிப்போட்டேன். கடைசியில் உனக்கு எதையும் காகிதத்தில் எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் துணிந்து பேனாவை எடுத்தேன். கோமதி உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் எழுதுவதை உனக்கு முன்னால் படித்துவிடுவாள். மழை வரும்போலிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.