சிவப்புக் கையுறை

அன்புள்ள தங்கை யுன்ஷியாவுக்கு,

நீ நலமா? அம்மாவின் இருமல் நின்றதா?

இங்கே பின்லாந்தில் எடுக்கும் இந்தப் படத்தில் நான் நம் சீனப் புராணக் கடல்நாகராஜனின் வீரன். பின்லாந்துக் கொல்லர் தெய்வத்தின் சுத்தியலால் தினமும் சாகிறேன். நம் ஊரில் செத்து நடித்தால் தோஷம் கழியச் சிவப்புக் கவரில் காசு தருவார்களே, இங்கே அதைக் கேட்டதற்கு உடை தைக்கும் ஹில்க்கா சிரித்தாள்.

"அதான் எழுந்து காப்பி குடிக்கிறியே, அப்புறம் என்னய்யா தோஷம்?"

இன்று சண்டைக் காட்சியில் என்னைத் தூக்கிய கம்பி அறுந்து, உறைந்த ஏரிமேல் விழுந்தேன். ஒன்றுமில்லை, பனி மெத்தை மாதிரி. ஹில்க்காதான் வெளிறிப்போய் ஓடிவந்து, தன் சிவப்புக் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள்.

"இதையாவது வச்சுக்கய்யா! கவருக்கு நான் எங்க போவேன்?"

விழுந்ததிலிருந்து மனம் கேட்கவில்லை, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தோளுக்குத் தடவும் தைலம் அனுப்பு. இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். தோஷம் கழிய ஒரு சிவப்புக் கவரும் வை. காலியாக இருந்தாலும் போதும், என் பெயரை நீயே எழுது.

வண்டி வந்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் கையுறைதான் காரணம், இன்னும் கழற்றவில்லை.

பெங்லியாங்