சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து "மாப்ள" பதினேழு முறை. பக்கவாதம் வந்தபின் என் மாமியாருக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், சன்னலைச் சாத்தவும் அதுதான். எது எதற்கென்று கண்டுபிடிப்பது என் வேலை. என் மனைவி கண்மூடுவதற்கு முன் "அம்மாவ யார்கிட்டயும் விட்டுடாதீங்க" என்றாள். தலையாட்டினேன். பதினான்கு மாதம் ஆகிறது. முப்பத்தோரு வருடம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தவன், இப்போது மூன்றாவது மாடியில் நானே மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

எழுதக் கை கூசுகிறது. படுக்கையை மாற்றி முடித்த மறு நிமிடம் அத்தை மறுபடி நனைத்துவிட்டார். "செத்துத் தொலைங்களேன்" என்றேன். வாய்விட்டு. அதிலும் மரியாதை குறையவில்லை, பார். கதவை வெளியே பூட்டிவிட்டு இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பினேன். ஒன்றரை மணி நேரம். அத்தை கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "மாப்ள" என்றுகூடச் சொல்லவில்லை. என்ன மனுஷன்டா நீ?

ஜூன் 6, முதல் வெள்ளி

பங்குத்தந்தை வழக்கம்போல் அத்தைக்கு நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அத்தைக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேண்டாமென்று தலையசைத்தேன். மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து நான் வாங்குவதில்லை. அப்போது கோபம். நேற்றைக்குப் பிறகு தகுதியும் இல்லை.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அத்தையின் வாயைத் துடைத்தபோது, அப்பம் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது தெரிந்தது. விழுங்கவே இல்லை. அப்படியே துண்டில் விழுந்தது. குப்பையில் போடுவதா? நான் உட்கொள்வதா — நானா? ஃபாதருக்குப் போன் செய்தேன்.

"தண்ணில போட்டு மூடி வைங்க. முழுசா கரைஞ்சதும் கால் படாத மண்ணுல ஊத்திடுங்க. அதுவரைக்கும் ஆண்டவர் உங்க வீட்டு விருந்தாளி," என்றார்.

சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் தம்ளரை வைத்து, மனைவியின் கைக்குட்டையால் மூடினேன்.

ஜூன் 7, சனி

கரையவில்லை. ஓரம் மட்டும் ஊறியிருக்கிறது. அத்தையிடம் கத்த முடியவில்லை. பக்கத்து அறையில் ஆள் இருக்கிறாரே.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் அத்தை தூங்கியதும் தம்ளருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். செபம் வரவில்லை, திட்டத்தான் வந்தது. அவளை ஏன் எடுத்துக்கொண்டீர்? இவரை ஏன் விட்டுவைத்தீர்? என்னை ஏன் இங்கே போட்டுப் பூட்டினீர்? பதினான்கு மாதத்தையும் கொட்டித் தீர்த்தேன். அவர் எழுந்து போகவில்லை. எங்கே போவார்? என்னோடு சேர்ந்து அவரும் மாட்டிக்கொண்டார். சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன், நன்றாகவே.

லிஃப்டில் மாட்டியவர்கள் காற்று போதவில்லை என்றுதான் கத்துவார்கள். உண்மையில் அவர்கள் பயம் வேறு: தாங்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாதோ என்று. அதனால் போனில் நான் முதலில் சொல்வது, "நீங்க உள்ள இருக்கறது எனக்குத் தெரியும். கதவ இழுக்காதீங்க." இன்று அதையே யாரோ எனக்குச் சொன்னதுபோல் இருந்தது. கதவு ஒன்றும் திறக்கவில்லை. ஆனாலும் இழுப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

கரைந்துவிட்டது. பால்கனியில் மனைவியின் பூந்தொட்டியில் செடி போய் மண் மட்டும் மிச்சம். அதில் ஊற்றினேன். அலமாரி வெறிச்சென்று ஆகிவிட்டது.

அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாப்ள" என்றார். இந்த முறை எதற்கென்று கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்றும் கத்தினேன். பாதிக் குரலில்.

ஜூலை 4, முதல் வெள்ளி

ஃபாதரைக் கொஞ்சம் முன்னதாகவே வரச் சொல்லியிருந்தேன். சமையலறையில், அதே முக்காலியில் பாவசங்கீர்த்தனம். அந்தச் சொல், பூட்டு, பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பரிகாரமாக, எதிர்வீட்டுக் கதவைத் தட்டி உதவி கேட்கச் சொன்னார். ஐம்பத்துமூன்று மணி செபமாலை கொடுத்திருந்தால் சுலபமாக முடித்திருப்பேன்.

பிறகு அப்பத்திலிருந்து நகக்கண் அளவு கிள்ளி, ஒரு கரண்டித் தண்ணீரோடு அத்தைக்குக் கொடுத்தார். விழுங்கினார். மீதியை ஃபாதர் என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கேட்க மூன்று முறை போய்த் திரும்பினேன். நான்காம் முறை தட்டிவிட்டேன். "இதக் கேக்க உங்களுக்கு இவ்ளோ மாசமா?" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டு அப்படியே வந்துவிட்டார். "ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சாவி ஆணியிலேயே தொங்கியது.

அரை மணியில் திரும்பினேன். அத்தை கதவைப் பார்க்கவில்லை. தையல்காரம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "மாப்ள" என்றார். தண்ணீருக்கு.