இனி காது அடைப்பு என்று சொல்லாதே

ஜித்தாவிலிருக்கும் என் கண்ணான மகன் வஜ்திக்கு, ஸஃபாக்ஸிலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையால் நானும் வாப்பாவும் உன் தங்கை சுந்துஸும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தை மட்டும் வழக்கம்போல் ஒரு வரியில் கேட்டுவிட்டு மேலே போக இந்தத் தடவை என்னால் முடியவில்லை. பிஸீஸா மாவு டப்பாவுக்குள் கையை விட்டு நீ தேடியது அதில் இல்லை மகனே. அது இருந்த இடத்தில்தான் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

சுந்துஸைத் திட்டாதே, அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாவை வறுத்து அரைத்து அளந்தது நான், உனக்கு எவ்வளவு போகிறது, வீட்டுக்கு எவ்வளவு நிற்கிறது என்று குறித்துவைக்கிறதும் நான், அதை வைத்து நீ எத்தனை கேலி செய்திருப்பாய். டப்பா விளிம்புவரை நிறைந்திருக்கிறது, ஜாடியிலோ மிஞ்ச வேண்டியதைவிட அதிகமாக மாவு நிற்கிறது. "மூடியத் தொறக்காதீங்க உம்மா, நமத்துப்போயிரும்" என்று அவள் பதறியதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் உறையில் முனீரா சாச்சியின் பெயர் போட்ட, அவள் படபடப்புக்குச் சாப்பிடுகிற மாத்திரைகள். அப்புறம்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஜித்தாவில் புழுதிக் காற்றில் விமானத்தை இறக்க முடியாமல் கடைசி நேரத்தில் மறுபடி மேலே ஏற்றினாயே, அன்றிலிருந்து உனக்குத் தூக்கமில்லை என்றும், விமானி அறைக் கதவு சாத்தியதும் மூச்சு அடைத்துக் கை வேர்க்கிறது என்றும், அடுத்த மாதம் பறப்பதற்கான மருத்துவச் சான்று புதுப்பிக்கப் போக வேண்டும், அங்கே எந்த வைத்தியரிடம் காட்டினாலும் பதிவாகிவிடும் என்று பயந்து சாச்சியின் மருந்தைக் கேட்டாய் என்றும். "அப்போ காது அடைப்புன்னு லீவு போட்டானே?" என்று கேட்டேன். "காதுக்கு என்ன உம்மா, நல்லாத்தான் இருக்கு. மனசு சரியில்லைன்னு எந்த பைலட் சொல்வான்? காதுன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க" என்றாள்.

பனிக்காலம் முழுக்க உனக்குக் கருஞ்சீரக எண்ணெய் அனுப்பினேன். ஒவ்வொரு தொழுகையிலும் யா ரப்பு, என் பிள்ளையின் காதைத் திறந்துவிடு என்று கையேந்தினேன். நோய் இல்லாத இடத்துக்கு மருந்தும் துஆவும் போய்க்கொண்டிருந்தன, நோய் இருந்த இடத்தில் நீ தனியாகக் கிடந்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வாப்பாவிடம் சொன்னேன். முதலில் கோபம்தான். "வாய மூடு நாஜியா, தெருவுக்குத் தெரிஞ்சா என்னாகும்? சான்று போச்சுன்னா அவன் என்ன ஆவான்?" என்று கத்தினார். சான்றைக் காப்பாற்றிக்கொண்டு அவனே போய்விட்டால் நாம் என்ன ஆவோம் என்று கேட்டேன். எழுந்து கஃபேவுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் யாரும் கேட்காமலேயே அந்த மாத்திரைகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முனீரா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் பொறுக்கமாட்டாமல் நம் தெருமுனை ஷாத்லி கேப்டன் வீட்டுக்குப் போனேன், அவரும் விமானம் ஓட்டி ஓய்வுபெற்றவர்தான். உன் பெயரைச் சொல்லாமல், பறக்கிற ஒருவருக்குக் காது அடிக்கடி அடைத்தால் என்ன செய்வது என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டு மனுஷன் சிரித்துவிட்டார். "எனக்கும் ரெண்டு வருஷம் அடைச்சிருந்துச்சு ராத்தா, ஃபாத்தினக் கேளுங்க" என்றார். அவர் மனைவி ஃபாத்தின் உள்ளேயிருந்தே, "அந்த ரெண்டு வருஷமும் இவர் வீட்டுல பேசுன பேச்சுக்கு என் காதுதான் அடைச்சிருக்கணும்" என்றாள். பிறகு அவர் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: மனசு சரியில்லை என்று தானே போய்ச் சொன்னாராம், பறக்கவிடாமல் நிறுத்திவைத்தார்களாம், வைத்தியம் பார்த்து மறுபடி சான்று வாங்கிப் பறந்தாராம். உனக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்வாரா என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. "திரும்பக் கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அடுத்தவங்க மருந்த மறைச்சுப் போட்டுக்கிட்டுப் பறக்குறது எல்லாத்தையும்விட மோசம். அதுல சிலது சாப்பிட்டா விமானத்தத் தொடவே கூடாது" என்றார். விமானிகளுக்கு விமானிகளே காதுகொடுத்துக் கேட்கிற ஒரு குழு இருக்கிறதாம், கம்பெனிக்குப் பேரைச் சொல்ல மாட்டார்களாம். ஜித்தாவில் ஃபவ்வாஸ் என்பவர் அதில் இருக்கிறார், ஷாத்லியோடு முன்பு பறந்தவர். முதலில் அவரிடம் பேசிவிட்டு, எந்த வைத்தியரிடம் போவது, என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டு போகட்டும் என்றார். அவருடைய எண் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

வீட்டுச் செலவை நினைத்துத் தயங்காதே. கணக்கைப் பார்த்துவிட்டேன், உன் பணம் வராவிட்டாலும் சமாளிப்போம். உனக்குக் கெட்ட எண்ணம் ஏதாவது வருகிறதா மகனே? இதைக் கேட்காமல் விடமாட்டேன். வந்தால் ஒரு நிமிஷமும் தனியாக இருக்காதே, பக்கத்தில் யாரையாவது கூப்பிடு, எங்களையும் கூப்பிடு.

இந்த டப்பாவைக் கொண்டுவருகிறது மக்காவுக்கு உம்ரா செய்ய வருகிற நம் பக்கத்து வீட்டு மப்ரூக்கா. அவளுக்கு விமானம் என்றாலே நடுக்கம், உனக்குத் தெரியும். நேற்று வந்து, "திரும்பி வரும்போது வஜ்தி ஓட்டுற விமானத்துலதான் வருவேன், அவன் முன்னால உக்காந்திருந்தா எனக்கென்ன பயம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகட்டும் என்று சொல்ல நாக்கு எழவில்லை மகனே. உன் விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய மப்ரூக்காதான். அடுத்த தடவை அந்தக் கதவு சாத்துவதற்கு முன்னால் ஃபவ்வாஸைக் கூப்பிட்டுவிடு. வேறு எதையும் உன்னிடம் கேட்கவில்லை.

ரப்பு உன் நெஞ்சை விசாலமாக்கி, உன் தூக்கத்தைத் திருப்பித் தரட்டும். துஆவை மாற்றிவிட்டேன், இனி சரியான இடத்துக்கே போகும். மாவைக் காலையில் ஆலிவ் எண்ணெயும் தேனும் விட்டுக் குழைத்துச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு காப்பி குடிக்காதே. மப்ரூக்கா திரும்பும்போது முன்னால் நீ இல்லாவிட்டால், ஏன் என்று அவள் நம் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். நான் காது என்று சொல்லமாட்டேன். மனசு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறான் என்று அதே சத்தத்தில் சொல்வேன். அதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு.

உன் நினைவாகவே இருக்கும் உம்மா,
நாஜியா